நரை வந்த பிறகு நீர்ச் சறுக்கு!

87 வயதுக் கிழவர் ஒருவர். மஞ்சள் நிற உடை. கையில் ஒரு கயிற்றின் பிடி. கயிற்றின் மறு முனை மோட்டார் படகில் கட்டியிருக்கிறது. படகு சீறிப் பாய்கிறது. அதன் பின்னால், ஏரித் தண்ணீரின் மேல், அந்தக் கிழவர் நின்றபடியே போகிறார்!

காலுக்கு அடியில் பலகை இல்லை. சக்கரம் இல்லை. வெறும் கால்!

இது சினிமாத் தந்திரம் அல்ல. 2002-ம் ஆண்டு பிப்ரவரி மாதம், அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தில், விண்டர் ஹேவன் என்ற ஊரில் நடந்தது. வெறுங்காலோடு தண்ணீரில் சறுக்கிய மிக வயதான ஆண் என்று அவருடைய பெயர் கின்னஸ் சாதனைப் பட்டியலில் ஏறியது.

அவர் பெயர் ஜார்ஜ் பிளேர். 40 வயது வரை அவர் நீர்ச் சறுக்குப் பலகையில் கால் வைத்ததே இல்லை என்றால் நம்ப முடிகிறதா?

அமெரிக்காவில் ஏரிகளுக்குப் பஞ்சம் இல்லை. இளமையில் இந்த விளையாட்டை ஆடிவிட்டு, நடுவில் விட்டுவிட்டு, நாற்பது ஐம்பது வயதில் மறுபடி கயிற்றைப் பிடிப்பவர்கள் அங்கே நிறைய உண்டு. அவர்களில் சிலர் சிரித்துக்கொண்டே கரை ஏறுகிறார்கள். சிலர் தொடையைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். கயிறும் ஒன்று, ஏரியும் ஒன்று. பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

அதைப் பார்ப்பதற்கு முன், தண்ணீர் மனிதனை எப்படித் தாங்குகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஓட்டாஞ்சில்லு விளையாட்டு

குளக்கரையில் பையன்கள் ஓட்டாஞ்சில்லு எறிந்து விளையாடுவதைப் பார்த்திருப்பீர்கள். சில்லை மெதுவாகத் தண்ணீரில் விட்டால் மூழ்கிப்போகும். அதையே சாய்வாக, வேகமாக வீசினால்? தத்தித் தத்தித் தண்ணீரின் மேலேயே ஓடும்!

நீர்ச் சறுக்கும் இதுதான். சில்லுக்குப் பதில் பலகை. எறிகிற கைக்குப் பதில் படகு.

வேகமாக வரும் பலகை, தண்ணீரைக் கீழே தள்ளுகிறது. தண்ணீர் பலகையை மேலே தள்ளுகிறது. படகின் வேகம் குறைந்தால் ஆள் மெல்ல மெல்ல இறங்கி, கழுத்தளவுத் தண்ணீரில் நிற்பார்.

காலுக்கு ஒன்றாக இரண்டு பலகை கட்டினால், பெரியவர்களுக்கு மணிக்கு 25 மைல் வேகம் போதும். ஒரே பலகையில் இரண்டு காலையும் வைத்துப் போவதற்கு 30 மைலாவது வேண்டும். வெறுங்காலுக்கு 40 மைல் வரை தேவைப்படும். பாதம் சிறியது அல்லவா? அதைத் தாங்க வேகம் கூட வேண்டும்.

வெறுங்கால் வீரர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். உடம்பின் எடையை ராத்தலில் எடுத்து, பத்தால் வகுத்து, அதோடு 20-ஐக் கூட்ட வேண்டும். 160 ராத்தல் ஆள் என்றால் சுமார் 36 மைல் வேகம். தொந்தி வளர வளரப் படகும் விரைய வேண்டும்!

அண்டாவில் வெந்த பலகை

இந்த விளையாட்டு பிறந்தது 1922-ம் ஆண்டு.

அமெரிக்காவின் வடக்கே மின்னசோட்டா மாநிலம். அங்கே மிசிசிப்பி ஆறு ஓரிடத்தில் அகன்று ஏரிபோல் ஆகிறது. அதற்குப் பெப்பின் ஏரி என்று பெயர். கரையில் உள்ள ஊர் லேக் சிட்டி. அந்த ஊரில் ரால்ப் சாமுவேல்சன் என்ற இளைஞன் இருந்தான்.

குளிர்காலத்தில் அந்த நாட்டில் எங்கும் பனி உறைந்து கிடக்கும். காலில் நீண்ட பலகைகளைக் கட்டிக்கொண்டு பனியில் சறுக்குவார்கள். "பனியில் சறுக்கலாம் என்றால் தண்ணீரில் ஏன் சறுக்கக் கூடாது?" என்ற எண்ணம் ரால்புக்கு உதித்தது.

முதலில் பீப்பாய்ப் பலகைகளைக் கட்டிப் பார்த்தான். மூழ்கினான். பனிச் சறுக்குப் பலகைகளைக் கட்டிப் பார்த்தான். அப்போதும் மூழ்கினான். ஊரார் வேடிக்கை பார்த்தார்கள்.

அவன் விடவில்லை. மரக்கடையில் இரண்டு நீளப் பலகைகள் வாங்கினான். ஒவ்வொன்றும் 8 அடி நீளம், 9 அங்குல அகலம். நுனி வளைய வேண்டுமே! அம்மாவின் செம்பு அண்டாவில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, பலகை நுனிகளை அதில் வேகவைத்தான். வெந்து இளகிய நுனியை மேல்நோக்கி வளைத்து, இறுக்கிக் கட்டிக் காயவிட்டான். தோல் வாரால் காலுக்குப் பட்டை. ஜன்னல் கயிறு ஒன்று. பிடித்துக்கொள்ள ஓர் இரும்பு வளையம். தீர்ந்தது தளவாடம்!

அண்ணன் பென் படகை ஓட்டினான். பல முறை விழுந்த பிறகு ரால்புக்கு ஓர் உண்மை தெரிந்தது. முன்னால் சாயக் கூடாது. பின்னால் சாய்ந்து, பலகை நுனிகளைத் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு, படகு இழுக்கும்வரை சும்மா இருக்க வேண்டும்.

1922 ஜூலை 2-ந் தேதி அவன் எழுந்து நின்றான். மறுநாள் அவனுக்கு 19-வது பிறந்த நாள்!

பிறகு சாகசங்களுக்குக் கேட்பானேன்! 1925-ல் சாய்வான மேடை ஒன்றில் பன்றிக் கொழுப்பைத் தடவி, அதன்மேல் சறுக்கி ஏறி, காற்றில் பறந்து தண்ணீரில் இறங்கினான். தண்ணீரில் இறங்கும் விமானத்தில் கயிற்றைக் கட்டி, மணிக்குச் சுமார் 80 மைல் வேகத்தில் போனான். ஊர் ஊராகச் சென்று வேடிக்கை காட்டினான்.

அப்புறம் ஒரு விபத்து. வேலை செய்த இடத்தில் முதுகில் பலமான அடி. சாகசங்கள் முடிந்தன. சொந்த மாநிலத்துக்குத் திரும்பி வான்கோழி வளர்க்கத் தொடங்கினார். ஊருக்கு வெளியே அவரை எல்லோரும் மறந்தார்கள்.

அவர் தம் கண்டுபிடிப்புக்கு உரிமைப் பட்டயம் வாங்கியிருக்கவில்லை. 1925-ல் பிரெட் வாலர் என்பவர் வாங்கிவிட்டார். பிற்காலத்தில் 'சினிராமா' என்ற அகலத் திரைப் படத்தைக் கண்டுபிடித்தவரும் இதே வாலர்தான். நீர்ச் சறுக்கின் தந்தை அவர்தான் என்று பலர் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

1963-ல் லேக் சிட்டிக்கு விடுமுறையைக் கழிக்க வந்த பெண் நிருபர் ஒருவர், குளியல் அறைக் கட்டிடத்தின் சுவரில் தொங்கிய பழைய பலகைகளைப் பார்த்தார். "இவை யாருடையவை?" என்று விசாரித்தார். விசாரணை வான்கோழிப் பண்ணையில் போய் நின்றது! 1966-ல் அமெரிக்க நீர்ச் சறுக்குச் சங்கம், முதலில் சறுக்கியவர் சாமுவேல்சன்தான் என்று ஒப்புக்கொண்டது. அப்போது அவருக்கு 60 வயது கடந்திருந்தது. 1977-ல் அவர் காலமானார்.

முதுகு வலியால் வந்த யோகம்

சாமுவேல்சனின் ஆட்டம் முதுகால் முடிந்தது. ஜார்ஜ் பிளேரின் ஆட்டமோ முதுகால் தொடங்கியது!

பிளேர் 1915-ல் பிறந்தவர். நியூஜெர்சி மாநிலத்தில் தொழில் செய்தார். பிற்காலத்தில் ஒரு வங்கியே தொடங்கினார். அவருக்கு முதுகில் கோளாறு. ஆபரேஷன் ஆயிற்று. உடம்பு தேறுவதற்காகப் புளோரிடாவுக்கு வந்தார். வந்த இடத்தில் யாரோ நீர்ச் சறுக்கு விட அழைத்தார்கள். அப்போது வயது 40.

அந்த வயதில் கற்றுக்கொண்டவர், 46-ல் பலகையைக் கழற்றிவிட்டு வெறுங்காலில் நின்றார். மஞ்சள் நிறம் என்றால் அவருக்கு உயிர். உடை மஞ்சள். போகும் இடமெல்லாம் வாழைப்பழம் வழங்குவார். அதனால் 'வாழைப்பழ ஜார்ஜ்' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

விண்டர் ஹேவனில் சைப்ரஸ் கார்டன்ஸ் என்ற பூங்கா இருந்தது. 1936-ல் திறந்தது. நீர்ச் சறுக்குக் காட்சிகளுக்கு உலகப் புகழ் பெற்ற இடம். நீச்சல் நடிகை எஸ்தர் வில்லியம்ஸ் நடித்த 'ஈஸி டு லவ்' என்ற படத்தை 1953-ல் அங்கேதான் எடுத்தார்கள். அந்தப் பூங்காவின் காட்சிகளில் இளைஞர்களுக்கு நடுவே இந்தக் கிழவரும் தோன்றினார். பனிக்கட்டி மிதக்கும் அண்டார்க்டிக் கடலிலும் வெறுங்காலில் சறுக்கினார். 75 வயதில் பனியில் ஒற்றைப் பலகைச் சறுக்கும் கற்றுக்கொண்டார். 2013-ல், 98-வது வயதில் இறந்தார்.

பிளேரைப் பார்த்து, "அவரால் முடிந்தது, நம்மால் முடியாதா?" என்று கிளம்புகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். பிளேருக்கு இருபது வயது நீர்ச் சறுக்கு என்று ஒன்று கிடையாது. "அந்தக் காலத்தில் நான் எப்படிப் போவேன் தெரியுமா?" என்று சொல்லிக்கொள்ள அவரிடம் ஒன்றும் இல்லை. நாற்பது வயது உடம்போடு வந்தார். நாற்பது வயது உடம்புக்கு ஏற்றபடி பழகினார்.

திரும்பி வருகிறவரின் கதை அப்படி அல்ல.

"அப்பா, உங்களுக்குத் தெரியுமா?"

இருபது வயதில் அவர் சூரப்புலி. ஒரே பலகையில் நின்று, படகின் அலைகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போவார். பிறகு கல்யாணம், வேலை, குழந்தைகள். படகு வைத்துக்கொள்வது யானை வளர்ப்பது மாதிரி. எண்ணெய் வேண்டும், கொட்டகை வேண்டும், ரிப்பேர் வேண்டும். படகை விற்றாயிற்று. இருபது வருஷம் ஓடிப்போயிற்று.

கோடை விடுமுறையில் குடும்பத்தோடு ஏரிக்கரைக்கு வருகிறார். பிள்ளைகள் நீர்ச் சறுக்கு பழகுகிறார்கள். அவர்களில் ஒன்று கேட்கிறது: "அப்பா, உங்களுக்கு இது தெரியுமா?"

போதாதா?

அம்மாக்களும் இதற்கு விலக்கு அல்ல. கல்லூரியில் கோப்பை வாங்கியவர்கள் எத்தனையோ பேர், இருபது வருஷம் கரையில் உட்கார்ந்து துவாலைக்குக் காவல் இருந்துவிட்டு, ஒரு நாள் எழுந்து வருகிறார்கள்.

கற்ற வித்தை மறந்துபோகுமா? போகாது. சின்ன வயதில் கிணற்றில் நீந்தியவரை நாற்பத்தைந்து வயதில் தள்ளிவிட்டாலும் கை கால் தானாக அடித்துக்கொள்ளும். சைக்கிளும் அப்படியே. இப்படிப்பட்ட பழக்கங்களைக் காப்பதில் சிறுமூளைக்குப் பெரும் பங்கு உண்டு. படித்த பாடமும் பார்த்த முகமும் மறக்கலாம். உடம்பு பழகிய வித்தை லேசில் மறப்பதில்லை.

ஆனால் தசை அப்படி அல்ல. 30 வயதுக்குப் பிறகு, பத்து வருஷத்துக்கு நூற்றுக்கு 3 முதல் 8 பங்கு வரை தசை குறைந்துகொண்டே போகிறது என்று டாக்டர்கள் கணக்குச் சொல்கிறார்கள். உட்கார்ந்தே வேலை செய்கிறவர்களுக்கு நஷ்டம் இன்னும் அதிகம். தசையை எலும்போடு பிணைக்கும் நாண்களும் இறுகிப்போகின்றன. இளமையில் ரப்பர்போல் இழுபட்டது, நடு வயதில் பழைய கயிறுபோல் ஆகிவிடுகிறது.

வித்தை இருக்கிறது; பலம் இல்லை. ஆபத்தே இங்கேதான். ஒன்றும் தெரியாதவர் பயந்து பயந்து கற்றுக்கொள்வார். திரும்பி வருகிறவருக்குப் பயம் இல்லை!

குந்தி உட்காரத் தெரிந்தால் போதும்

நீர்ச் சறுக்கில் கஷ்டமான நேரம் எது? ஓடும்போது அல்ல. எழுந்திருக்கும்போது.

சறுக்குகிறவர் ஆழமான தண்ணீரில் மிதவைச் சட்டையோடு மிதப்பார். முழங்கால்கள் மார்பைத் தொட, நம் ஊரில் குந்தி உட்காருவதுபோல உட்கார்ந்திருக்க வேண்டும். கைகள் நேராக நீண்டிருக்க வேண்டும். பலகை நுனிகள் தண்ணீருக்கு மேலே தெரிய வேண்டும். ரால்ப் சாமுவேல்சன் விழுந்து விழுந்து கண்டுபிடித்த அதே பாடம்!

படகு புறப்படுகிறது. கயிறு விறைக்கிறது. தண்ணீர் முகத்தில் அறைகிறது. அப்போது ஒன்றும் செய்யக் கூடாது. குந்தியபடியே இருக்க வேண்டும். பலகை தானாகத் தண்ணீரின் மேல் வரும். வந்த பிறகு, நாற்காலியிலிருந்து எழுவதுபோல மெதுவாக எழ வேண்டும்.

சும்மா இருப்பதுதான் எவ்வளவு கஷ்டம்! பழைய சூரப்புலி என்ன செய்கிறார்? படகு நகர்ந்ததும் கையை மடக்கிக் கயிற்றைத் தம் பக்கம் இழுக்கிறார். இழுத்ததும் உடம்பு பின்னால் மல்லாக்கச் சாய்கிறது. அல்லது அவசரப்பட்டு முழங்காலை நீட்டி எழப் பார்க்கிறார். அது இன்னும் மோசம்.

ஏன் மோசம்? பலகை தண்ணீருக்குள் அகப்பட்டிருக்கிறது. கால் நேராக நீண்டுவிட்டது. படகோ உடம்பை முன்னால் இழுக்கிறது. இடுப்பு மடங்குகிறது, முழங்கால் மடங்கவில்லை. தொடையின் பின்புறத் தசை வில் நாண்போல் இழுபடுகிறது. சில சமயம், நாம் உட்காரும் எலும்போடு அந்தத் தசை சேர்ந்திருக்கும் இடத்திலேயே பிய்ந்துவிடுகிறது. நீர்ச் சறுக்கில் ஏற்படும் இந்தக் காயத்தை எலும்பு டாக்டர்கள் நன்றாக அறிவார்கள். அடியோடு பிய்ந்தால் பல சமயம் ஆபரேஷன் செய்துதான் தைக்க வேண்டும். குணமாகப் பல மாதம் ஆகும்.

ஒரு விநாடி அவசரம். பல மாதம் படுக்கையும் ஊன்றுகோலும்!

நம் ஊரில் ஐம்பது வயதுக்காரரும் திண்ணையிலோ தரையிலோ சிரமம் இல்லாமல் குந்துவார். நாற்காலியே கதி என்று இருக்கிற நாடுகளில் நாற்பது வயதில் குந்துவது பெரும் பாடு. அதனால் ஏரிக்குப் போவதற்குச் சில வாரம் முன்பிருந்தே, தோப்புக்கரணம் போடுவதுபோல உட்கார்ந்து எழுந்து பழகச் சொல்கிறார்கள். தொடைக்கும் இடுப்புக்கும் முதுகுக்கும் பலம் வர வேண்டும். கம்பியில் தொங்கிப் பழகினால் கைப் பிடிக்கு நல்லது. ரத்தக் கொதிப்பு, இருதயக் கோளாறு, முதுகு வலி உள்ளவர்கள் முதலில் டாக்டரைக் கேட்க வேண்டும். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

மறுநாள் காலை

எழுந்து நின்றாயிற்று. காற்று முகத்தில் மோதுகிறது. இருபது வருஷம் ஒரே நொடியில் கழன்று விழுகிறது. பிள்ளைகள் கரையிலிருந்து கை தட்டுகிறார்கள். இன்னொரு சுற்று! இன்னொரு சுற்று!

மறுநாள் காலையில் காப்பிக் கோப்பையைத் தூக்க முடியவில்லை. முன்னங்கை மரத்துப்போயிருக்கிறது. உள்ளங்கையில் கொப்புளம். தலை வாரக் கை எழவில்லை.

பழகாத உடம்புக்கு முதல் நாள் சின்னச் சின்னதாக இரண்டு மூன்று ஓட்டம் போதும். களைப்பு வரும் முன்பே நிறுத்திவிட வேண்டும். களைத்த பிறகு விழுகிற விழுகைதான் கெட்டது. பிறகு ஓரிரு நாள் ஓய்வு. ஒரே பலகையில் போன வீரர்களும் முதலில் இரண்டு பலகையில் தொடங்குவதே நல்லது. சுயமரியாதைக்குச் சற்று உறுத்தும். தொடைக்கு உறுத்தாது!

விழும்போது செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: கயிற்றை விட்டுவிட வேண்டும். இது சொல்லுவதற்கு எளிது. "விழ மாட்டேன்" என்ற வைராக்கியத்தில் பிடியை விடாமல் தொங்குகிறவரைப் படகு தரதரவென்று இழுத்துக்கொண்டு போகும். தோள் மூட்டு என்ன ஆகும்? வேகத்தில் தண்ணீர் தரைபோல் கடினம். காது அடிபட விழுந்தால் செவிப்பறை கிழிவதும் உண்டு. கயிற்றைக் கையிலோ விரலிலோ சுற்றிக்கொள்ளவே கூடாது.

பழைய ஆட்களுக்குப் புதிய வசதிகள்

இருபது முப்பது வருஷம் கழித்து வருகிறவருக்குத் தளவாடங்களைப் பார்த்தால் வேறு உலகம்போல் இருக்கும். கனமான மரப் பலகைகள் போய், கண்ணாடி இழையும் கரி இழையும் கொண்டு செய்த லேசான பலகைகள் வந்துவிட்டன. முன்பைவிட அகலமாகவும் கிடைக்கின்றன. அகலம் அதிகமானால் குறைந்த வேகத்திலேயே எழும்பலாம். நடு வயதுக்காரருக்கு இது பெரிய வரப்பிரசாதம்.

படகும் மாறிவிட்டது. முன்பு ஓட்டுகிறவரின் கைக்கு ஏற்றபடி வேகம் ஏறும், இறங்கும். இப்போது விண்ணில் சுற்றும் செயற்கைக் கோள்களின் உதவியால், குறித்த வேகத்தைக் கருவியே பிடித்து வைத்துக்கொள்கிறது. படகின் பக்கவாட்டில் ஒரு நீளக் கம்பியை நீட்டி வைப்பதும் உண்டு. கயிற்றுக்குப் பதில் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு போகலாம். படகில் இருக்கும் ஆசான் பக்கத்திலிருந்தே யோசனை சொல்வார். புதியவர்களுக்கும் திரும்பி வருகிறவர்களுக்கும் இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

கிழவர்களுக்கும் கோப்பை உண்டு

போட்டிக்கே திரும்புகிறவர்களும் உண்டு. 35 வயதைத் தாண்டியவர்களுக்கென்றே உலகப் போட்டி நடக்கிறது. அதிலும் வயது வாரியாகப் பிரிவுகள்; ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி.

வளைவுப் போட்டி என்று ஒன்று. தண்ணீரில் பக்கத்துக்கு மூன்றாக ஆறு மிதவைகள் இருக்கும். படகு நடுவில் நேராகப் போகும். சறுக்குகிறவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பாய்ந்து ஆறையும் சுற்றிவர வேண்டும். சுற்றிவிட்டால் கயிற்றைக் குறைப்பார்கள். முதலில் சுமார் 60 அடி. கடைசியில் 32 அடி. மிதவையோ படகின் பாதையிலிருந்து சுமார் 38 அடி தள்ளி இருக்கிறது! கயிறு எட்டாத தூரத்தை உடம்பை நீட்டித்தான் எட்ட வேண்டும். சில அங்குல உயரத்தில் உடம்பு தண்ணீரோடு படுத்தாற்போல் போகும்.

சாதாரணப் போட்டியில் ஆண்களுக்குப் படகின் உச்ச வேகம் மணிக்கு 58 கிலோமீட்டர். 35 வயதைத் தாண்டியவர்களுக்கு 55 கிலோமீட்டர்தான். வயது இன்னும் ஏறினால் வேகமும் இன்னும் குறைகிறது. ஆனால் கயிற்றையும் மிதவையையும் யாருக்காகவும் மாற்றுவதில்லை. வயதுக்கு எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று யோசித்துத்தான் விதி எழுதியிருக்கிறார்கள்!

கையால் பேசும் பாஷை

படகின் இரைச்சலில் கத்தினால் கேட்காது. அதனால் சறுக்குகிறவர்கள் கையால் பேசுகிறார்கள். கட்டை விரலை மேலே காட்டினால் வேகம் வேண்டும் என்று அர்த்தம். கீழே காட்டினால் வேகம் குறைய வேண்டும். தலையைத் தட்டினால் கரைக்குத் திரும்பலாம். விழுந்த பிறகு இரு கைகளையும் தலைக்கு மேலே கோத்துக் காட்டினால், "அடி ஒன்றும் இல்லை" என்று பொருள்.

இதைப் பார்த்துச் சொல்ல, ஓட்டுகிறவரைத் தவிரப் படகில் இன்னொருவர் இருக்க வேண்டும் என்பது அமெரிக்காவின் பல மாநிலங்களில் சட்டம். சில இடங்களில் பின்னால் பார்க்கும் கண்ணாடி இருந்தாலும் போதும். விழுந்தவரை ஏற்றும்போது எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். தண்ணீருக்குள் சுழலும் விசிறிக்கு வயது வித்தியாசம் கிடையாது.

அந்த இரண்டாவது ஆள் பெரும்பாலும் மனைவி அல்லது கணவன். படகை ஓட்டுகிறது வளர்ந்துவிட்ட மகனோ மகளோ. ஒரு காலத்தில் அப்பா படகை ஓட்டினார். பிள்ளை கயிற்றைப் பிடித்து அழுதது. இப்போது கயிறு அப்பாவின் கையில். பையன் உற்சாகத்தில் வேகத்தைக் கூட்டுகிறான். அம்மா பின்பக்கம் திரும்பி, கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அப்பா பிடியிலிருந்து ஒரு கையை எடுக்கிறார். கட்டை விரலைக் கீழே காட்டுகிறார்.

"மெதுவாகப் போகச் சொல்கிறார்" என்கிறாள் அம்மா. படகு வேகம் குறைகிறது.